ஓசூர் அருகே ஒரு டிமென்ஷியா பராமரிப்பு இல்லம்: இரவுக் கவனிப்பில் நிறைவு, ரசீதில் குறை

ஓசூருக்கு வெளியே, தேன்கனிக்கோட்டைச் சாலைப் பக்கம், டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ள முதியோரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சிறிய தனியார் இல்லம் ஒன்றில் என் மாமியார் சென்ற ஆண்டு முதல் தங்கியிருக்கிறார். இரவுக் கவனிப்பிலும் மருந்து விஷயத்திலும் அந்த இல்லம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்துகொள்கிறது. கட்டணத்தைச் சொல்லும் விதத்திலும் ரசீது எழுதும் விதத்திலும் அதே அளவுக்கு ஏமாற்றம் தருகிறது. ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் முன்னதற்கு நாலரையும் பின்னதற்கு ஒன்றரையும் போடுவேன். இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இவ்வளவு சிறிய இடத்தில் மேற்பார்வை பார்க்கும் ஒருவர் வேலையை விட்டுப் போனாலே அடுத்த மாதம் அது வேறு இல்லமாகிவிடும் என்பதால், பெயரைவிட எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உதவும்.

அத்தைக்கு வயது 76. பாலக்கோடு அருகே மல்பெரித் தோட்டம் வைத்துப் பல ஆண்டுகள் பட்டுப்புழு வளர்த்தவர். கூடுகளைத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குத் தாமே கொண்டுபோய், ஏலம் முடியும்வரை நின்று விற்று வருவார். மாமனார் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், அவர் காலமான பிறகு அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மறதி கூடியபோது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் தலை ஸ்கேனையும் முடித்துக்கொண்டோம். இந்தக் குறைபாடுகளாலும் மறதி வரக்கூடும், அவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால் எந்த மருத்துவரும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார். பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில், டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் என்று உறுதி செய்தார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கை நம் இரண்டு மாவட்டங்களுக்குப் பொருத்திப் பார்த்தால், நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் இதற்கென்று இருக்கும் படுக்கைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்த காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோம் நர்ஸ் என்று சொல்லி ஒரு நிறுவனம் அனுப்பிய பெண்கள் யாரும் நர்ஸ் படிப்புப் படித்தவர்கள் அல்லர். இருபத்து நான்கு மணி நேரமும் உடன் இருப்பதற்கு மாதம் 26,000 ரூபாய் வாங்கிய நிறுவனம், அதில் பெரும்பங்கைத் தானே வைத்துக்கொண்டதால், வந்தவர்கள் சம்பளம் போதாமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். முகம் மாறினாலே பதறிப்போகும் நோயாளிக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கொரு புதிய முகம் என்பது மருந்தை நிறுத்துவதற்குச் சமம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்தது. 2021இல் அந்தத் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது என்பதில் எங்கள் ஊர்ப் பக்கத்தினருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் மாத்திரை கொடுக்கவும் பிசியோதெரபிக்கும் வருகிறவர்கள் இரவில் காவல் இருக்க முடியாது. அவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயம் அன்று.

இல்லம் தேடத் தொடங்கியபோது, சாதாரண முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் ஒரே நிபந்தனையைச் சொல்லின: தானாகச் சாப்பிட வேண்டும், தானாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும், வெளியே நடந்து போய்விடக் கூடாது. இம்மூன்றும் முடிகிறவராக இருந்தால் நாங்கள் இல்லமே தேடியிருக்க மாட்டோம். பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை போன்று டிமென்ஷியாவுக்கென்றே மையம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்; பயிற்சி பெற்ற பணியாளர்கள் வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அவையே. எங்களைத் தயங்க வைத்தது மொழி. அத்தை பிறந்த வீட்டில் தெலுங்கு, புகுந்த வீட்டில் தமிழ். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முன்னதாக நழுவிப் போவது இந்நோயில் வழக்கம். அவர் இப்போது தண்ணீர் கேட்பதையும் வலி சொல்வதையும் பாதி நேரம் தெலுங்கில்தான் செய்கிறார். ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஆயாக்கள் கிடைப்பார்கள் என்பது அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டை வழியாக ரயிலிலோ பேருந்திலோ போய்விடலாம் என்பது அடுத்த காரணம்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தரைத்தளத்தில் எல்லா அறைகளும் இருப்பதும், வாசலுக்கு உள்ளே ஒரு கம்பிக் கதவும் சுற்றி நடக்க ஒரு முற்றமும் இருப்பதும் நல்லவை. எல்லா அறைக் கதவுகளுக்கும் ஒரே பழுப்பு நிறம் அடித்திருப்பதால், தன் அறை எது என்று தெரியாமல் மற்றவர் படுக்கையில் போய் உட்காருவது அன்றாடம் நடக்கிறது. கழிப்பறைக் கதவுக்கு மட்டுமாவது வேறு நிறம் அடிக்கச் சொன்னோம். அடுத்த வாரமே மஞ்சள் அடித்துவிட்டார்கள். குளியலறைத் தரையின் வழுக்கலுக்கு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள். அது போதாது, டைல்ஸையே மாற்ற வேண்டும்.

இனி இரவு. இந்த நோயில் பகல் எல்லோருக்கும் எப்படியோ கழிந்துவிடும். பொழுது சாயும்போது தொடங்கும் படபடப்பும் நள்ளிரவு நடமாட்டமும்தான் குடும்பத்தை உடைக்கின்றன. அத்தை இரவு பத்தரை மணிக்கு எழுந்து, புழுவுக்குத் தழை போட வேண்டும் என்று கதவைத் தட்டுவார். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழு இராப்பகலாகத் தின்னும் என்பதால், படுக்கும் முன் ஒரு முறை தழை போடாமல் எந்தப் புழு வளர்ப்பாளரும் தூங்கப் போக மாட்டார். ஆக அவருடைய உடம்பு அந்த வேளைக்குப் பழகியது. அதைப் பிதற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வீட்டில் நாங்கள், "புழுவே இல்லை, புழு வளர்த்த மனையை இடித்துப் பல ஆண்டுகள் ஆயின" என்று சொன்னால், "பட்டினி போட்டுக் கொன்றுவிட்டீர்களே" என்று அழுவார்.

இல்லத்தின் இரவு ஆயா தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், அவர் வீட்டிலும் புழு வளர்த்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு நான் அங்கே தங்க நேர்ந்தபோது பார்த்தேன். அத்தை எழுந்து வந்ததும் அந்த அம்மாள் மறுக்கவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. "அவ்வா, புழு தோலுரிக்கத் தூங்குது, இப்ப தழை போட்டா கெட்டுப் போயிடும், காலையில போடலாம்" என்றார். அத்தை ஒரு கணம் யோசித்து, "சுண்ணாம்பு தூவுனியா?" என்று கேட்டார். "தூவிட்டேன் அவ்வா" என்றதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். தோலுரிக்கும் நேரத்தில் புழுவுக்குத் தழை போடக் கூடாது, படுக்கை உலரச் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள் என்பது தொழில் தெரிந்தவருக்குத்தான் தெரியும். எத்தனை மணி நேரப் பயிற்சி வகுப்பு நடத்தினாலும் இந்தப் பதிலைக் கற்றுக்கொடுக்க முடியாது. பகலில் கீரை ஆய்வதற்கு ஒரு முறத்தை மடியில் வைத்துவிடுகிறார்கள். இலையைக் காம்போடு கிள்ளி, புழுத் தட்டில் தழை பரப்புவது போலப் பரப்புவதில் ஒரு மணி நேரம் அமைதியாகக் கழிந்துவிடுகிறது.

ஆனால் ஒரு ஆயாவின் சாமர்த்தியத்தை இல்லத்தின் தரம் என்று சொல்லிவிட முடியாது. பதினான்கு பேருக்கு இரவில் இரண்டு பேர் விழித்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே உறுதியான விஷயம். அவர்கள் தூங்குவதற்குக் கட்டில் போடவில்லை, இரண்டு மணிக்கொரு முறை யார் யாரைப் பார்த்தார்கள் என்று நோட்டில் எழுதுகிறார்கள். நாங்கள் பார்த்த மற்ற இடங்களில் பகலில் ஆறேழு பேர் சுறுசுறுப்பாகத் திரிவார்கள். இரவில் காவலாளியும் ஒரு பாட்டியும் மட்டும் இருப்பார்கள், இருவரும் உறங்குவார்கள். பகல் பதினொரு மணிக்குச் சுற்றிக் காட்டுகிற எந்த இல்லமும் நன்றாகத்தான் தெரியும். மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்று, இரவுப் பணியாளர் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுத்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பதிவுச் சான்றையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டில் முதலில் ஒரு சிக்கல் எழுந்தது. காலையில் இட்லி, இரவிலும் இட்லி என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகுக் களி இல்லாமல் ஒருநாளும் இருந்திராத அத்தை தட்டைத் தள்ளிவிட்டார். களி கேட்டோம், மேற்பார்வையாளர் தயங்கியதற்குச் சரியான காரணம் சொன்னார். களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். விழுங்கும் திறன் குறைந்த டிமென்ஷியா நோயாளிக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும், உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் போய் முடியும். கடைசியில் களிக்குப் பதிலாகக் கெட்டியான கேழ்வரகுக் கூழில் கீரைக் குழம்பைக் கலந்து, நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறு கரண்டியால் கொடுக்கிறார்கள். எடை மறுபடி ஏறியது.

மருந்து விஷயத்திலும் இவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இரவில் தொந்தரவு செய்கிறவருக்குத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போட்டுப் படுக்க வைப்பது பல இடங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியோருக்குக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்திருக்கிறது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது தனிக் கதை. இந்த இல்லத்தில் அப்படிப்பட்ட மாத்திரை எதையும் குடும்பத்தாரின் கையெழுத்தும் மருத்துவரின் சீட்டும் இல்லாமல் தொடங்குவதில்லை. சென்ற மழைக்காலத்தில் அத்தை இரண்டே நாளில் யாரையும் அடையாளம் தெரியாமல் புலம்பத் தொடங்கியபோது, நோய் முற்றிவிட்டது என்று சொல்லாமல் முதலில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தது. மருந்து முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார். திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கக்கூடும் என்பது தெரிந்த பணியாளர்கள் இருப்பது பெரிய விஷயம். வாராவாரம் வரும் மருத்துவர் பொது மருத்துவர்தான். நரம்பியல் மருத்துவரிடம் நாமே அழைத்துப் போக வேண்டும்.

இப்போது ரசீது. தொலைபேசியில் கேட்டால் மாதம் 32,000 ரூபாய், எல்லாம் அடக்கம் என்பார்கள். முதல் மாத ரசீதில் 43,850 ரூபாய் இருந்தது. அடிப்படைக் கட்டணம் 32,000, கூடுதல் உதவிக் கட்டணம் 5,000, டயப்பர் 3,900, சலவை 1,200, மருத்துவர் வருகை 1,000, மருந்து 750. இவற்றில் அடிப்படைக் கட்டணத்தையும் மருந்தையும் தவிர வேறெதையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. டிமென்ஷியாவுக்கென்றே நடத்தும் இல்லத்தில் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் கூடுதல் உதவி என்றால், அடிப்படை உதவி என்பது என்ன என்று கேட்டதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. ஒரு டயப்பருக்கு 50 ரூபாய் வீதம் 78 போட்டிருந்தார்கள். அதே டயப்பர் கிருஷ்ணகிரி மருந்துக் கடையில் மொத்தமாக வாங்கினால் 34 ரூபாய். மாதத்துக்கு 1,200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஆண்டுக்குப் பத்து சதவீதம் உயர்வு, சேர்க்கும்போது இரண்டு மாத முன்பணம், மருத்துவமனையில் சேர்த்திருக்கும் நாள்களுக்கும் முழுக் கட்டணம் என்பவையெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன.

வரியைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லம் 60 வயது நிறைந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. இது தனியார் நிறுவனம், தொகையும் அதற்கு மேல். ரசீதில் "வரி உட்பட" என்று மட்டும் இருந்தது. வரி எண்ணும் இல்லை, எவ்வளவு வரி என்றும் இல்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இல்லத்தைவிட இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் 21,000 ரூபாய் போக மீதி 22,850. என் கணவரும் கொழுந்தனாரும் ஆளுக்கு 9,000, எஞ்சிய 4,850 நாத்தனார். வாராவாரம் போய்ப் பார்ப்பவரும் நாத்தனார்தான் என்பதால், பங்கு குறைவு என்று யாரும் பேசக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் அதை விட்டுவிடலாம். குடும்ப ஓய்வூதியருக்கான அரசுக் காப்பீடானாலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும், தனியார் பாலிசியானாலும், அவை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியவை. ஊட்டுவதற்கும் காவல் இருப்பதற்கும் எதிலும் பணம் கிடையாது.

2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு உரிய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் டிமென்ஷியா இருக்கிறது. மூத்த குடிமகனான பெற்றோரின் சிகிச்சைச் செலவில் ஒரு லட்சம் ரூபாய் வரை மகனோ மகளோ கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான் அந்தக் கழிவு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாக நரம்பியல் நிபுணரின் சான்றும் வேண்டும். சிகிச்சைச் செலவுக்குத்தான் கழிவு என்பதால், இல்லத்தில் மருத்துவத்துக்கும் மருந்துக்கும் தனி ரசீது கேட்டு வாங்குகிறோம். இந்த ஒரு வேண்டுகோளை அவர்கள் முகம் சுளிக்காமல் நிறைவேற்றுகிறார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன்படிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்து, பங்கு தர மறுக்கும் பிள்ளையிடமிருந்து பணம் வாங்க முடியும். ஆனால் மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதைவிட அவசரமானது வங்கி விஷயம். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே ஓய்வூதியம் அல்லாத சேமிப்புகளைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும். பவர் என்னும் அதிகாரப் பத்திரத்தை எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் மனநிலை தவறிவிட்டால் அந்தப் பவர் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு சொல்கிறது. அதன் பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்க வேண்டிவரும். ஓய்வூதியம் நிற்காமல் இருக்க ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு, தபால்காரரே 70 ரூபாய் கட்டணத்தில் இல்லத்துக்கு வந்து பதிவு செய்து தருகிறார். தழை வெட்டித் தேய்ந்த விரல்களில் ரேகை விழாதபோது முகத்தை வைத்துப் பதிவு செய்யும் வசதி கைகொடுத்தது.

யாருக்கு இந்த இல்லம் ஏற்றது என்று கேட்டால், நடமாட்டமும் இரவுத் தொந்தரவும் உள்ளவருக்கு, வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்க்கக்கூடிய குடும்பத்துக்கு ஏற்றது என்பேன். படுத்த படுக்கையாகி, மூக்குக் குழாய் வழியே உணவு தர வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இங்கே செவிலியர் பலம் போதாது. அவர்களும் அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் மட்டும் அனுப்பும் பிள்ளைகள் சேர்த்தால், ரசீதைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாமல் போகும்.

தொலைபேசியில் சொன்ன தொகைக்கு மேல் வரும் ஒவ்வொரு இனத்துக்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கடிதம் கொடுத்தோம். டயப்பரை நாங்களே வாங்கித் தர ஒப்புக்கொண்டார்கள், மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்குச் சாப்பாட்டுத் தொகையைக் கழிப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். கூடுதல் உதவிக் கட்டணம் 5,000 ரூபாய் மட்டும் இந்த மாத ரசீதிலும் விளக்கம் இல்லாமலேயே வந்திருக்கிறது.